துண்டுக்குள் ஒரு விலை

விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மணிலா வரத்து அதிகமாக இருக்கும் நாளில் போனால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். (நிலக்கடலையைத்தான் இந்தப் பக்கம் மணிலா என்பார்கள். மல்லாட்டை என்றாலும் புரியும்.) வியாபாரிகள் ஒவ்வொரு குவியலாக அள்ளிப் பார்ப்பார்கள். நாலு காயை உடைத்து வாயில் போடுவார்கள். ஆனால், விலையைப் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டார்கள். சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவர் எவ்வளவு எழுதினார் என்பது இவருக்குத் தெரியாது. மறைமுக ஏலம் என்று இதற்குப் பெயர். இதற்கும் முன்னால் மாட்டுச் சந்தைத் தரகர்கள் கையைத் துண்டால் மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். சில சந்தைகளில் இன்றைக்கும் அப்படித்தான்.

அதே துண்டு வித்தையை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு செய்கிறார்கள். அங்கே துண்டுக்குள் இருப்பது மாடு அல்ல. பிள்ளைகள் கையில் வைத்து ஆடும் கேம் கன்சோல். ஆறு மாதம் முன்பே கருவியைக் காட்டுவார்கள், திரை எத்தனை அங்குலம் என்பார்கள், என்னென்ன விளையாட்டு வரும் என்பார்கள். விலை என்ன என்று கேட்டால் மட்டும் சிரிப்பார்கள்.

2025-ல் நடந்ததைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட்டும் ஏசஸும் சேர்ந்து செய்த 'ராக் எக்ஸ்பாக்ஸ் அலை' கருவியை ஜூன் மாதம் காட்டினார்கள். ஆகஸ்டில், அக்டோபர் 16-ம் தேதி கடைக்கு வரும் என்று தேதி சொன்னார்கள். விலை அப்போதும் வரவில்லை. செப்டம்பர் கடைசியில், கடைக்கு வர மூன்றே வாரம் இருக்கும்போதுதான் வாயைத் திறந்தார்கள். சாதா மாடல் 600 டாலர், 'எக்ஸ்' மாடல் 1,000 டாலர். அன்றைய கணக்கில் நம் ஊர்ப் பணம் சுமார் 53,000, 88,000. அதுவும் வரி சேர்க்காமல்! அக்டோபர் 20-ம் தேதி தீபாவளி. பட்டாசுக்கும் துணிக்கும் பட்ஜெட் போட்டுக்கொண்டிருந்த வீடுகளில் அந்த விலையைப் படித்துக் காட்டிய பிள்ளைகளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மயிலம் பக்கம் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். அப்பா ஒரு ஏக்கரில் மணிலா போட்டவர். அம்மா திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. பையன் பிளஸ் ஒன். அப்பா விளைவித்த பொருளுக்கு விலையை வியாபாரி எழுதுகிறார். பிடிக்கவில்லை என்றால் கொடுக்க மாட்டேன் எனலாம்; மூட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். பையன் கேட்கும் பொருளுக்கு விலையை எங்கோ கியோட்டோவில் இருக்கிறவர் எழுதுகிறார். இரண்டு பக்கமும் விலையை அடுத்தவர்தான் எழுதுகிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில்தான் "எவ்வளவுடா அது?" என்ற கேள்விக்கு, "இன்னும் சொல்லலம்மா" என்று பதில் வருகிறது. விலை தெரியாத பொருளுக்கு எப்படிப் பணம் சேர்ப்பது?

கம்பெனிகள் ஏன் மறைக்கின்றன? முதல் காரணம், எதிராளி. இதற்கு 2004-ஐவிட நல்ல உதாரணம் கிடையாது.

அந்த வருடம் நிண்டெண்டோவின் 'டிஎஸ்', சோனியின் 'பிஎஸ்பி' இரண்டும் மோதத் தயாராக நின்றன. டிஎஸ்ஸில் இரண்டு திரை. பிஎஸ்பியில் பளபளவென்று ஒரே பெரிய திரை, படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். பொருளைப் பார்த்தவர்கள் எல்லாம் பிஎஸ்பி எக்கச்சக்க விலையாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். செப்டம்பரில் நிண்டெண்டோ முதலில் சீட்டைத் திறந்தது: அமெரிக்காவில் 150 டாலர், ஜப்பானில் 15,000 யென். சோனி ஒரு மாதத்துக்கு மேல் பேசாமல் இருந்தது. அக்டோபர் கடைசியில் திறந்தது: 19,800 யென்! எதிராளியைவிட 4,800 யென் கூடுதலைச் சொல்லிவிட்டுக் கைதட்டல் வாங்கியது சோனி. காரணம், ஊரே இன்னும் பெரிய தொகையை எதிர்பார்த்துக் காத்திருந்ததுதான். புடவைக் கடையில் முதலில் பட்டுப் புடவையை விரித்துக் காட்டிவிட்டு, அப்புறம் எடுத்துப் போடும் புடவை மலிவாகத் தெரியுமே, அந்தக் கணக்கு.

கைதட்டல் சோனிக்கு, கல்லா நிண்டெண்டோவுக்கு. டிஎஸ் தன் ஆயுளில் 15 கோடிக்கு மேல் விற்றது. பிஎஸ்பி சுமார் 8 கோடி. அதுவும் சின்ன எண்ணிக்கை இல்லை. ஆனால் முதல் சுற்றில் ஜெயித்தவர் கடைசிச் சுற்றில் ஜெயிக்கவில்லை.

இதற்கு ஒரு வருடம் முன்பு, ஃபோனையும் கேமையும் ஒன்றாக்குகிறேன் என்று நோக்கியா களத்தில் குதித்தது. 2003 அக்டோபரில் வந்த 'என்-கேஜ்' 299 டாலர். அப்போது நிண்டெண்டோவின் 'கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி' 100 டாலருக்குக் கிடைத்தது. மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கினால், கேம் அட்டையை மாற்றுவதற்கு மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்ற வேண்டும். ஃபோன் பேச வேண்டும் என்றால் கருவியின் விளிம்பைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். பார்ப்பவர்களுக்குத் தேங்காய்ச் சில்லைக் காதில் செருகியதுபோல் இருக்கும். மூன்று வாரம் ஆவதற்குள் அமெரிக்கக் கடைகள் 100 டாலர் தள்ளுபடி போட ஆரம்பித்தன. இதே நோக்கியா 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்ததும், விழுப்புரம் பக்கத்துப் பெண்கள் உட்படப் பல மாவட்டத்துப் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போனதும், 2014-ல் அது மூடியதும் தனிக் கதை.

கையடக்க விளையாட்டுக் கருவி பிறந்ததே ஒரு விலைப் போட்டியின் மிச்சத்தில்தான். எழுபதுகளில் ஜப்பானிய கம்பெனிகள் கால்குலேட்டரை மலிவாக விற்பதில் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டதில், எண் காட்டும் சின்னத் திரைகள் அடிமாட்டு விலைக்கு வந்துவிட்டன. ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் நிண்டெண்டோவின் குன்பே யோகோய்க்கு யோசனை வந்தது என்பார்கள். 1980-ல் வந்த 'கேம் அண்ட் வாட்ச்' அப்படிப் பிறந்தது. புதுத் தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே, பழகி விலை குறைந்ததை எடுத்துப் புதிதாக ஏதாவது செய் என்பது அவருடைய வழி.

அந்த வழியில் 1989-ல் அவருடைய குழு 'கேம்பாய்' செய்தது. பச்சை கலந்த மங்கலான திரை, வண்ணமே கிடையாது. அமெரிக்காவில் 90 டாலருக்கு ஒரு பிடி குறைவு. அதே வருடம் அட்டாரி வண்ணத் திரையோடு 'லிங்க்ஸ்' கொண்டுவந்தது. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. பின்னாலேயே சேகா 150 டாலருக்கு 'கேம் கியர்' கொண்டுவந்தது, அதுவும் வண்ணம். கடை அலமாரியில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கேம்பாய் ஏழை வீட்டுப் பிள்ளைபோல் இருக்கும். ஆனால், கேம்பாய்க்கு நாலு பேட்டரி செல் போட்டால் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடியது. மற்ற இரண்டுக்கும் ஆறு செல். நாலைந்து மணி நேரத்தில் உயிர் போய்விடும். பெட்டி வாங்கும் நாளோடு செலவு முடிவதில்லை என்பது அமெரிக்கப் பெற்றோருக்கு இரண்டாவது வாரத்தில் தெரிந்தது. கேம்பாயும் அதன் வண்ணத் தம்பியும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன. கேம் கியர் ஒரு கோடியைத் தாண்டியதோடு சரி.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் கேம்பாய் வந்ததா? சிங்கப்பூரிலோ துபாயிலோ மாமா இருந்த வீட்டுக்கு வந்திருக்கும். மற்ற வீடுகளுக்குத் தொண்ணூறுகளில் வந்தது 'பிரிக் கேம்'. மேலே இருந்து கட்டை விழும், அடுக்க வேண்டும். '9999 இன் 1' என்று அட்டையில் போட்டிருக்கும். பொத்தானை அமுக்கிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு ஆட்டம் தேறும், மிச்சம் எல்லாம் அதே ஆட்டத்தின் வேக மாறுதல். மேல்மலையனூர் மாசித் திருவிழாவிலும் மயிலம் பங்குனி உத்திரத்திலும் போடும் கடைகளில், தண்ணீருக்குள் வளையம் மாட்டும் பொம்மைக்குப் பக்கத்தில் அது தொங்கும். அதற்கு வெளியீட்டு விழாவும் இல்லை, மறைத்த விலையும் இல்லை. கடைக்காரர் ஒன்று சொல்வார், அம்மா பாதியாகக் கேட்பார், நடுவில் எங்கேயாவது முடியும். விலை முடிவாகும் இடத்தில் அம்மாவும் இருந்தார் என்பது இப்போது யோசித்தால் பெரிய விஷயம்.

கொஞ்சம் வசதி வந்தவர்கள் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினார்கள். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் நாற்பது கிலோமீட்டர்தான், அங்கே வரி குறைவு. டிவி, மிக்ஸி, பைக் எல்லாம் அங்கே விசாரித்துவிட்டுத்தான் இங்கே வாங்குவார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்த லாபம் போய்விட்டது. (அந்த ரூட்டில் தனியார் பஸ்கள் போடும் போட்டி மட்டும் குறையவில்லை. கட்டணத்தை அரசு நிர்ணயித்துவிடுவதால் அவர்கள் வேகத்திலும் பாட்டிலும் போட்டி போடுகிறார்கள்!)

இன்றைக்கு ஒரு கேம் கன்சோல் வெளிநாட்டிலிருந்து முறையாக இறங்கினால் என்ன ஆகும்? 2018 பட்ஜெட்டில் இதற்கான சுங்க வரியை 10-லிருந்து 20 சதவிகிதமாக ஏற்றினார்கள். அந்த வரியின் மீது பத்து சதவிகித சமூகநல மேல்வரி. இதற்கெல்லாம் மேலே ஜி.எஸ்.டி. அது முதலில் 28 சதவிகிதமாக இருந்து, 2019 ஜனவரியிலிருந்து 18 ஆனது. அந்தக் கணக்குப்படி 100 ரூபாய்ப் பொருள் துறைமுகத்தைத் தாண்டும்போது 144 ரூபாய். கடைக்காரர் லாபம் அப்புறம். நிண்டெண்டோ கம்பெனி தன் 'ஸ்விட்ச்' கருவிக்காக இந்தியாவில் நேரடியாகக் கடை விரிக்காததற்கு இது மட்டுமே காரணமா என்பது வேறு. ஆனால் இந்த 144 நினைவில் இருந்தால், 'அமெரிக்காவுல இவ்ளோதான்' என்று பையன் சொல்லும் விலைக்கும் கடை விலைக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் புரியும்.

எல்லா நேரமும் பள்ளம் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023-ல் ஏசஸ் தன் 'ராக் அலை'யை அமெரிக்காவில் 700 டாலர் என்றது. ஜூலையில் இந்தியாவுக்கு வந்தபோது 69,990 ரூபாய். 'அநியாயம், பன்னிரண்டாயிரம் அதிகம்' என்று பலருக்கும் தோன்றியிருக்கும். அமெரிக்க விலையில் வரி சேர்ந்திருக்காது. அங்கே பில் போடும்போதுதான் சேர்ப்பார்கள். நம் ஊர் விலையில் ஜி.எஸ்.டி. உள்ளேயே இருக்கிறது. 700 டாலரை அன்றைய 82 ரூபாயில் பெருக்கி 18 சதவிகிதம் சேர்த்தால் 67,700 வருகிறது. வித்தியாசம் இரண்டாயிரத்துச் சொச்சம். அநியாயம் என்று சொல்ல முடியாது.

அதே மாதிரிக் கருவியான 'ஸ்டீம் டெக்' 2021-ல் அறிவிக்கப்பட்டபோது 399 டாலர்தான். ஏசஸ் ஏன் அந்த விலைக்கு விற்கவில்லை? ஸ்டீம் டெக் செய்யும் வால்வ் கம்பெனிதான் ஸ்டீம் என்ற கேம் கடைக்கும் சொந்தக்காரர். பெட்டியில் லாபம் இல்லாவிட்டாலும், அதில் வாங்கும் ஒவ்வொரு கேமிலும் அவருக்குப் பங்கு வரும். ஏசஸுக்குப் பெட்டி விற்ற காசு மட்டும்தான். 2017-ல் ஜியோ ஃபோனை 1,500 ரூபாய் முன்பணத்துக்கு, அதுவும் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கொடுத்தார்களே, எப்படி? மாதாமாதம் ரீசார்ஜ் வரும் என்ற தைரியத்தில்தான். மலிவான பெட்டி கையில் கிடைத்தால், பின்னால் வரும் ரீசார்ஜ் எது என்று தேடிப் பார்ப்பது நல்லது.

சோனி 2012-ல் அந்த ரீசார்ஜை நினைவக அட்டையில் ஒளித்துவைத்தது. 'பிஎஸ் வீட்டா' கருவி 250 டாலர். அதற்கு சோனியின் தனி மெமரி கார்டு மட்டுமே பொருந்தும். 32 ஜிபி அட்டை 100 டாலர்! 'ஸ்விட்ச் 2'-லும் பழைய மைக்ரோ எஸ்டி அட்டையில் கேம் ஏற்ற முடியாது. எக்ஸ்பிரஸ் என்ற புது வகை வேண்டும். அதன் 'மரியோ கார்ட் வேர்ல்டு' என்ற ஒரே ஒரு கேம் 80 டாலர், ஏறக்குறைய ஏழாயிரம் ரூபாய். வருடத்துக்கு மூன்று கேம் என்றாலே பிளஸ் ஒன் டியூஷன் ஃபீஸ்.

காத்திருந்தால் விலை குறையுமா என்பதுதான் அப்பாக்களின் வழக்கமான கேள்வி. ஒரு காலத்தில் 'குறையும்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 250 டாலருக்கு வந்த '3டிஎஸ்', ஆகஸ்டில் 170 டாலர் ஆனது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. முதலில் வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த நிண்டெண்டோ இருபது பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தது. தலைவர் சடோரு இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். விலையைத் தப்பாகப் போட்டவர் சம்பளத்தில் கைவைத்துக்கொண்டது அபூர்வம்தான்.

2025-ல் அந்தப் பழைய பாடம் தலைகீழானது. ஏப்ரல் 2-ம் தேதி ஸ்விட்ச் 2-ஐ விரிவாகக் காட்டினார்கள். ஒரு மணி நேரக் காட்சியில் விலை சொல்லவில்லை. முடிந்த பிறகு தனியே அறிவித்தார்கள், 450 டாலர். அன்றைக்கே அமெரிக்க அதிபர் ட்ரம்ப் உலக நாடுகளின் மீது இறக்குமதி வரியை அறிவித்தார். வியட்நாமுக்கு 46 சதவிகிதம். அமெரிக்காவுக்குப் போகும் ஸ்விட்ச் பெட்டிகள் கணிசமாக அங்கேதான் தயாராகின்றன! இரண்டு நாளில் அமெரிக்க முன்பதிவைத் தள்ளிவைத்துவிட்டது நிண்டெண்டோ. பிறகு கருவியின் விலையை மாற்றாமல், துணைப் பொருள்களின் விலையை மட்டும் ஏற்றி முன்பதிவைத் திறந்தது. ஜூன் 5-ல் விற்பனை. நாலே நாளில் உலகம் முழுக்க 35 லட்சம். ஆகஸ்டில் இன்னொரு வேடிக்கை: எட்டு வருடம் பழைய ஸ்விட்சின் விலையை அமெரிக்காவில் ஏற்றினார்கள். ஓஎல்இடி மாடல் 350-லிருந்து 400 டாலர். பழசானால் மலியும் என்று காத்திருந்தவர் ஏமாந்தார். ஆக, அப்பாக்களுக்குச் சொல்வதற்கு ஒற்றை வரிப் பதில் இல்லை. வெளியாகி ஒரு வருடத்துக்குள் குறையாத கருவி அதற்குப் பிறகும் குறையும் என்று நம்பி உட்கார வேண்டாம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஜப்பானில் வேலை பார்க்கும் உறவினர் இருக்கும் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே ஸ்விட்ச் 2-க்கு இரண்டு விலை. 2025-ல் வெளியானபோது 49,980 யென் ஒன்று, 69,980 யென் இன்னொன்று. இன்ஜினீயரிங் மாணவர்கள் வாங்கும் மலிவான இந்தியப் பதிப்புப் புத்தகம்போல, குறைந்த விலைப் பெட்டி ஜப்பானியர்களுக்கு மட்டுமானது. அதில் ஜப்பானிய மொழி மட்டும்தான் இருக்கும். ஜப்பான் நாட்டுக் கணக்கை மட்டும்தான் இணைக்க முடியும். 'இருபதாயிரம் யென் மிச்சம்' என்று அதைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் வந்தால், பையன் ஜப்பானிய எழுத்து கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்று சோனியின் 'பிளேஸ்டேஷன் போர்ட்டல்'. 2024 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது 18,990 ரூபாய். கைக்கருவிகளின் பட்டியலில் இதுதான் மலிவாகக் கண்ணில் படும். ஆனால் இது தனியாக கேம் ஓட்டும் கருவி அல்ல. வீட்டில் ஐம்பதாயிரம் ரூபாய் பிஎஸ்5 இருந்து, நல்ல வைஃபையும் இருந்தால், அதில் ஓடும் ஆட்டத்தை இதில் பார்த்து ஆடலாம். பிஎஸ்5 இல்லாத வீட்டில் பிறந்தநாள் பரிசாக இதைப் பிரித்தால் என்ன ஆகும்? கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, "இது தனியா ஓடுமா?" என்பதே.

அடுத்தது பெட்டியின் முதுகு. இறக்குமதிப் பொருளில் இந்திய இறக்குமதியாளரின் பெயர், முகவரி, வரிகள் அடங்கிய எம்.ஆர்.பி. மூன்றும் ஒட்டியிருக்க வேண்டும் என்கிறது 2011-ம் வருட பொட்டலப் பொருள் விதி. அந்த லேபிள் இல்லாத பெட்டி, யாரோ கையில் கொண்டுவந்தது என்று பொருள். ஒரு கடையில் நாற்பத்தைந்தாயிரம், அடுத்த கடையில் ஐம்பத்தைந்தாயிரம் என்று ஒரே கருவிக்கு விலை தாவுவது அதனால்தான். யார் எந்த நாட்டில் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதைப் பொறுத்தது அது. பொத்தான் ஒட்டிக்கொண்டால் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் எடுக்காது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ரயில் ஏற வேண்டியிருக்கும். 'புது மாடல் வருது, ஐயாயிரம் முன்பணம் கட்டி வையுங்க, விலை வந்ததும் பார்த்துக்கலாம்' என்று சொன்னால், விலை பிடிக்காவிட்டால் பணம் திரும்பும் என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். பணம் மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். விழுப்புரத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. ரசீது மட்டும் கையில் இருக்க வேண்டும்.